ஆங்கில வினைச்சொல் பிசகும் இடங்கள்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறிதல்

ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பமோ கடிதமோ திருத்தப்பட்டுத் திரும்பி வரும்போது, சிவப்பு மை மிகுதியாக விழுந்திருப்பது வினைச்சொற்களின் மீதுதான். 'ஹி, ஷி, இட் வந்தால் வினையோடு எஸ் சேர்க்க வேண்டும்' என்ற விதியைப் பள்ளியில் படிக்காதவர் இல்லை. ஆனாலும் எழுதும் வேகத்தில் அது கைகொடுப்பதில்லை. விதி மறந்துபோவது இதற்குக் காரணமன்று. எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபை, அதாவது எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவதை, தமிழ் ஒரு வகையாகவும் ஆங்கிலம் வேறு வகையாகவும் காட்டுகின்றன. எழுதுபவர் தமிழ் வகையிலேயே வாக்கியத்தை அமைத்துக்கொண்டு சொற்களை மட்டும் ஆங்கிலமாக்கிவிடுகிறார். ஆகவே பிழையைத் திருத்துவதோடு நிற்காமல், எந்தத் தமிழ்ப் பழக்கம் அதை உண்டாக்கியது என்பதையும் பார்த்துவிட்டால், அடுத்த முறை அது வரும்போது எழுதுபவருக்கே பிடிபட்டுவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். வாக்கியத்தை நேற்று நடந்ததாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுவே முற்றுவினை. 'ஷி இஸ் ரைட்டிங்' என்பது 'ஷி வாஸ் ரைட்டிங்' என்று ஆகும்போது மாறியது 'இஸ்' மட்டுமே, 'ரைட்டிங்' மாறவில்லை. அடுத்து, எழுவாயாக நிற்கும் தொடர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை முழுவதுமாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'ஹி', 'ஷி', 'இட்', 'வி', 'தே' ஆகியவற்றில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். பெரும்பாலான பிழைகள் இந்த இரண்டு சோதனைகளிலேயே வெளிப்பட்டுவிடும்.

அறிகுறி: 'எஸ்' விடுபட்டுப்போகிறது

'மை சிஸ்டர் வொர்க் இன் எ பேங்க்' என்பது இதன் வழக்கமான வடிவம். தமிழில் வினைமுற்று தன் ஈற்றிலேயே எழுவாயைச் சுமந்துகொண்டு வருகிறது: செய்கிறேன், செய்கிறாய், செய்கிறாள், செய்கிறது, செய்கிறார்கள். எல்லா இடத்திலும் ஈறு மாறுவதால் நாம் அதைத் தவறவிடுவதில்லை. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இவ்வாறு ஈறுகள் பல இருந்தன. நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்துகளில் 'தௌ கோயஸ்ட்' (நீ போகிறாய்), 'ஹி கோயத்' (அவன் போகிறான்) போன்ற வடிவங்களைக் காணலாம். அவை ஒவ்வொன்றாக உதிர்ந்து, 'பி' என்ற வினையை ('ஆம்', 'இஸ்', 'ஆர்') விட்டுவிட்டுப் பார்த்தால், நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் மட்டும் ஓர் 'எஸ்' மிஞ்சியிருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் மாறாமல் நிற்கும் வினை, ஒரே ஓரிடத்தில் மாறுவதால்தான் அது கண்ணுக்குத் தப்புகிறது.

நாக்கும் இதற்குத் துணைபோகிறது. 'வொர்க்ஸ்', 'வான்ட்ஸ்' என்று இரண்டு மூன்று மெய்கள் சேர்ந்து முடியும் சொற்கள் தமிழ் ஒலிமரபில் இல்லை. பேச்சில் தேய்ந்த கடைசி ஒலி எழுத்திலும் விடுபடுகிறது. எழுதியதை வாய்விட்டு, கடைசி ஒலியை அழுத்திப் படிப்பது இதற்கு நல்ல மருந்து.

பெயரில் வரும் 'எஸ்' பன்மையைக் காட்ட, வினையில் வரும் 'எஸ்' ஒருமையைக் காட்டுவதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. 'தி பாய் ரன்ஸ்', 'தி பாய்ஸ் ரன்' என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: பெயரிலோ வினையிலோ ஓரிடத்தில்தான் அது நிற்கிறது. 'சில்ட்ரன்' போன்று 'எஸ்' இல்லாமலே பன்மையாகும் சொற்களில் மட்டும் இந்தக் கணக்கு உதவாது.

அறிகுறி: ஒரே குறி இரண்டு முறை வருகிறது, அல்லது எங்குமே வருவதில்லை

'ஷி டஸ் நாட் நோஸ்', 'டிட் யூ வென்ட்?', 'ஹி கேன் ஸ்பீக்ஸ்' என்பவை ஒரு பக்கம். 'ஷி டோன்ட் நோ' என்பது மறுபக்கம். இரண்டும் நேர்வது துணைவினை வரும் இடத்தில்தான்.

'எழுதிக்கொண்டிருந்தார்கள்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால், 'எழுதி', 'கொண்டு' ஆகியவை எச்சங்களாக நின்றுவிட, காலத்தையும் பன்மையையும் கடைசியில் வரும் 'இருந்தார்கள்' ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'தே வெர் ரைட்டிங்' என்னும்போது, முதலில் நிற்கும் 'வெர்' அவற்றை ஏற்கிறது. 'ஹி ஹேஸ் பீன் வொர்க்கிங்' என்ற மூன்று சொல் வினையிலும் முதற்சொல்லான 'ஹேஸ்' மட்டுமே எழுவாயைப் பார்த்து மாறுகிறது. தமிழில் வினைத்தொகுதியின் கடைசி உறுப்பு இயையும். ஆங்கிலத்தில் முதல் உறுப்பு இயையும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் 'டஸ் நாட் நோஸ்' என்பது தானாகவே உறுத்தத் தொடங்கிவிடும்: 'டஸ்' ஏற்ற குறியை 'நோ' மறுபடி ஏற்க வேண்டியதில்லை.

'ஷி டோன்ட் நோ' என்பதற்கு வேர் வேறு. நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை என்று தமிழின் 'இல்லை' எவருக்கும் மாறாமல் நிற்கிறது. எதிர்மறையில் இயைபே தேவையில்லை என்ற பழக்கத்தோடு வருபவர், 'டோன்ட்' என்பதை 'இல்லை'யின் இடத்தில் அப்படியே வைத்துவிடுகிறார். ஆங்கிலத்தில் எதிர்மறையும் வினாவும் இயைபைக் கைவிடுவதில்லை. அதை 'டூ', 'டஸ்' என்ற துணைவினையின் தலையில் ஏற்றுகின்றன, அவ்வளவே.

'கேன்', 'மே', 'மஸ்ட்', 'ஷுட்', 'வில்' ஆகியவை எவருக்கும் மாறாதவை. இங்கே தமிழே துணைக்கு வருகிறது: என்னால் முடியும், அவனால் முடியும், அவர்களால் முடியும், நான் போக வேண்டும், அவள் போக வேண்டும். 'முடியும்', 'வேண்டும்' மாறாமல் நிற்பது போலவே 'கேன்', 'மஸ்ட்' நிற்கின்றன. அவற்றை அடுத்து வரும் வினையும் வெறும் அடிச்சொல்லாகவே வர வேண்டும். 'ஹி மஸ்ட் டு கோ' என்று இடையில் 'டு' நுழைப்பதும் இதே இடத்தில் நேரும் பிழையே.

அறிகுறி: 'ஹேவ்', 'ஹேஸ்' மாறிப்போகின்றன

'மை பிரதர் ஹேவ் ட்டூ சில்ட்ரன்' என்று எழுதுபவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர் தமிழில் சரியாகவே யோசித்திருக்கிறார். 'என் தம்பிக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்ற வாக்கியத்தில் எழுவாய் பிள்ளைகள். தம்பி நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். வினையும் பிள்ளைகளைப் பார்த்துப் பன்மையாகிறது. ஆங்கிலத்தில் உடையவரே எழுவாய், உடைமை செயப்படுபொருள். ஆகவே வினை தம்பியைப் பார்த்து 'ஹேஸ்' ஆக வேண்டும். எனக்குப் பசிக்கிறது, அவளுக்குப் பாட்டுப் பிடிக்கும், அவர்களுக்குப் பணம் தேவை என்று 'கு' உருபோடு தொடங்கும் எந்தத் தமிழ் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதினாலும், எழுவாய் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது: 'ஷி லைக்ஸ் மியூசிக்', 'தே நீட் மணி'.

அறிகுறி: வாக்கியம் நீண்டதும் வினை தடுமாறுகிறது

தேர்ந்த எழுத்தாளர்களும் சறுக்கும் இடம் இதுவே என்பதால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் ஆர் குட்' என்பதில் 'மேங்கோஸ்' பன்மையாக இருப்பதால் 'ஆர்' வந்துவிட்டது. ஆனால் நன்றாக இருப்பது தரம். மாம்பழங்கள் அதற்கு அடையாக வந்தவை.

இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'இந்தத் தோட்டத்து மாம்பழங்களின் தரம் நன்றாக இருக்கிறது.' அடைகளெல்லாம் முன்னே வந்துவிட, தலைமைச் சொல்லான 'தரம்' வினையை நோக்கிக் கடைசியாக நிற்கிறது. எனவே வினைக்கு முன்னால் உள்ள பெயரைப் பார்த்து இயைபு அமைத்தால் தமிழில் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆங்கிலத்தில் தலைமைச் சொல் முதலில் வந்துவிடுகிறது. அடைகள் அதற்கும் வினைக்கும் இடையே புகுந்துகொள்கின்றன. தமிழில் நம்பத்தகுந்த வழிகாட்டியாக இருந்த அதே பழக்கம் இங்கே வழிதவறச் செய்கிறது.

திருத்தும் முறை இது. எழுவாய்த் தொடரில் 'ஆஃப்', 'இன்', 'ஆன்', 'ஃபார்', 'வித்' போன்ற முன்னிடைச் சொல் முதன்முதலாக வரும் இடத்திலிருந்து முற்றுவினை வரைக்கும் பென்சிலால் அடித்துவிடுங்கள். 'தி ரிப்போர்ட் ஆன் தி டேமேஜ்ட் ரோட்ஸ் அண்ட் ப்ரிட்ஜஸ் இன் தி ட்டூ டிஸ்ட்ரிக்ட்ஸ் ஹேவ் பீன் சப்மிட்டட்' என்ற வாக்கியத்தில் 'ஆன்' தொடங்கி 'டிஸ்ட்ரிக்ட்ஸ்' வரை அடித்தால் மிஞ்சுவது 'தி ரிப்போர்ட்' மட்டுமே. சாலைகள், பாலங்கள், மாவட்டங்கள் என்று மூன்று பன்மைகள் வரிசையாக வந்தாலும் வினை 'ஹேஸ்' என்றே இருக்க வேண்டும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் லிவ்ஸ் நியர் த ஸ்டேஷன்' என்பதும் இதே கணக்குதான்: நண்பர்கள் பலர், வசிப்பவர் ஒருவர்.

அளவைக் குறிக்கும் சில சொற்களுக்கு இந்த அடித்தல் முறை பொருந்தாது. 'ஹாஃப்', 'சம்', 'மோஸ்ட்', 'எ லாட்' ஆகியவை தமக்கென ஒருமையோ பன்மையோ இல்லாதவை. அவற்றுக்கு மட்டும் 'ஆஃப்' என்பதற்கு அப்பால் உள்ள பெயரைப் பார்க்க வேண்டும். 'ஹாஃப் ஆஃப் தி ரைஸ் இஸ் குக்ட்', 'ஹாஃப் ஆஃப் தி ப்ளேட்ஸ் ஆர் ப்ரோக்கன்' என்ற இரண்டும் சரி. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்' என்றால் பலர் வரவில்லை என்பது பொருள், வினை பன்மை. 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் இஸ் ஸ்மால்' என்றால் பேசப்படுவது எண்ணிக்கை, வினை ஒருமை.

'அஸ் வெல் அஸ்', 'டுகெதர் வித்' ஆகியவை வந்தால் தமிழ்க் காதை நம்பலாம். 'அமைச்சர் அதிகாரிகளுடன் வருகிறார்' என்று நாம் அமைச்சரோடு மட்டும் இயைபு வைப்பது போலவே, 'தி மினிஸ்டர், டுகெதர் வித் ஹிஸ் ஆஃபிசர்ஸ், இஸ் கமிங்' என்று ஒருமையே வரும். 'நீதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடண்ட்ஸ் ஆர் ரெடி' போன்ற வாக்கியங்களில் வினைக்கு அண்மையில் உள்ள எழுவாய் இயைபைத் தீர்மானிக்கிறது. எழுவாய் வினைக்குப் பின்னால் போய்விடும் 'தேர் இஸ்', 'வேர் இஸ்' வகைகளில், பின்னால் வரப்போகும் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 'வேர் ஆர் மை கீஸ்?'

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழை 'தி மேன் ஹூ லிவ் நெக்ஸ்ட் டோர்' என்பது. வந்த பையன், வந்த பெண், வந்த பிள்ளைகள் என்று தமிழின் பெயரெச்சம் எதற்கும் மாறாதது. 'ஹூ', 'விச்', 'தட்' ஆகியவற்றை அடுத்து வரும் ஆங்கில வினை எச்சமன்று, முற்றுவினை. அது எந்தப் பெயரைச் சுட்டுகிறதோ அதைப் பார்த்து மாற வேண்டும். 'தி மேன் ஹூ லிவ்ஸ்', 'தி மென் ஹூ லிவ்'. 'ஷி இஸ் ஒன் ஆஃப் தோஸ் டீச்சர்ஸ் ஹூ நெவர் ஷௌட்' என்பதில் 'ஷௌட்' பன்மையாக இருப்பது பலரை மிரட்டும். ஒருபோதும் கத்தாத ஆசிரியர்கள் என்று ஒரு கூட்டம் இருக்க, அவர்களில் இவர் ஒருவர் என்று விரித்துப் பார்த்தால் ஐயம் நீங்கும்.

அறிகுறி: 'இஸ்', 'ஆர்' காணாமல் போகின்றன, வேண்டாத இடத்தில் வந்து நிற்கின்றன

'என் அப்பா விவசாயி' என்பது வினையே இல்லாத முழு வாக்கியம். பெயரே பயனிலையாகி நிற்கிறது. ஆங்கிலத்தில் அத்தகைய வாக்கியம் இல்லை. எழுவாயையும் அதன் விளக்கத்தையும் இணைக்க 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்' என்று ஓர் இணைப்பு வினை வேண்டும். 'பிகம்', 'சீம்', 'லுக்', 'டேஸ்ட்' ஆகியவையும் இந்த வகையே. இவற்றின் பின்னால் வருவது செயலின் விதமன்று, எழுவாயின் தன்மை. அதனால்தான் 'தி மேங்கோ டேஸ்ட்ஸ் ஸ்வீட்' என்கிறோம், 'ஸ்வீட்லி' என்பதில்லை. இயைபும் எழுவாயோடுதான்: 'தி ப்ராப்ளம் இஸ் தி மொஸ்கிட்டோஸ்'.

'ஐ ஆம் அக்ரீ', 'ஐ ஆம் கோ டு ஆஃபீஸ் டெய்லி' என்பவை இதற்கு நேர்மாறானவை. 'அக்ரீ', 'கோ' ஆகியவை தாமே முற்றுவினையாக நிற்கக்கூடியவை. 'ஆம்' அங்கே மிகை. நேற்றைக்கு மாற்றும் சோதனையில் 'ஐ அக்ரீட்' என்று வருவதைக் கண்டால் இது விளங்கும்.

அறிகுறி: 'இங்' எல்லா வினையிலும் ஒட்டிக்கொள்கிறது

'ஐ ஆம் நோயிங் ஹிம்', 'ஐ ஆம் ஹேவிங் எ பைக்' என்பவை இந்தியா முழுவதும் காதில் விழுபவை. நண்பர்களிடையே பொருள் கெடுவதில்லை என்றாலும் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் பிழையாகவே கொள்ளப்படும். அறிதல், விரும்புதல், உடைத்திருத்தல் போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். இங்கே தமிழில் ஒரு நல்ல சோதனை உண்டு. 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது', 'எனக்கு வேண்டிக்கொண்டிருக்கிறது' என்று எவரும் சொல்வதில்லை. 'கொண்டிரு' சேர்த்தால் தமிழில் விகாரமாக ஒலிக்கும் பொருளுக்கு ஆங்கிலத்திலும் 'இங்' வேண்டாம். இந்தச் சோதனை எப்போதும் பலிக்காது. 'நம்பிக்கொண்டிருக்கிறேன்' என்பது நல்ல தமிழ், 'ஐ ஆம் பிலீவிங்' என்பது நல்ல ஆங்கிலம் அன்று. 'ஹேவ்' உண்பதைக் குறிக்கும்போது செயலாகிவிடுவதால் 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' என்பது சரியே.

அறிகுறி: 'வாஸ் ஹேப்பன்ட்', 'ஐ லைக்'

வினையின் வகை தெரியாததால் வருபவை இவை. உருகு, உருக்கு, திரும்பு, திருப்பு, உடைந்தது, உடைத்தான் என்று தமிழில் தானாக நடப்பதையும் ஒருவர் நடத்துவதையும் வினையின் உருவமே பிரித்துக்காட்டும். ஆங்கிலத்தில் 'மெல்ட்', 'டர்ன்', 'ப்ரேக்', 'ஓப்பன்' என்று ஒரே உருவம் இரண்டு வேலையையும் செய்கிறது. 'தி க்ளாஸ் ப்ரோக்' என்றால் கண்ணாடி உடைந்தது. 'ஹி ப்ரோக் தி க்ளாஸ்' என்றால் உடைத்தான். 'உடைந்தது' என்பதற்குத் தனி உருவம் தேடுபவர் செயப்பாட்டுக்குத் தாவுகிறார். அந்தப் பழக்கம் 'தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்' என்று செயப்படுபொருளே ஏற்காத வினை வரைக்கும் போய்விடுகிறது. 'ஹேப்பன்', 'அரைவ்', 'டை', 'ஸ்லீப்' ஆகியவை செயப்படுபொருள் குன்றியவை. அவற்றைச் செயப்பாட்டில் போட முடியாது. தமிழ் போல உருவம் மாறும் இணைகளும் ஆங்கிலத்தில் சில எஞ்சியிருக்கின்றன: 'ரைஸ்' என்றால் எழு, 'ரெய்ஸ்' என்றால் எழுப்பு.

மறுமுனையில், 'பிடித்திருக்கிறதா?' என்றால் 'பிடித்திருக்கிறது' என்று செயப்படுபொருளைச் சொல்லாமல் விட்டுவிடுவது நம் வழக்கு. 'லைக்', 'என்ஜாய்' ஆகியவை அதை விடா: 'ஐ லைக் இட்', 'ஐ என்ஜாய்ட் தி ட்ரிப்'.

அறிகுறி: ஒருமையா பன்மையா என்றே தெரியவில்லை

இங்கே பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் பழக வேண்டியதுதான். 'எல்லோரும் வந்தார்கள்' என்று நாம் பன்மையில் சொன்னாலும் 'எவ்ரிபடி இஸ் ஹியர்' என்பதே வழக்கு. 'ஈச்', 'எவ்ரி' ஆகியவை ஒவ்வொருவராக எண்ணுபவை. 'பீப்பிள்', 'போலீஸ்' ஆகியவை 'எஸ்' இல்லாத பன்மைகள். 'நியூஸ்', 'மேத்தமாடிக்ஸ்' ஆகியவை 'எஸ்' உள்ள ஒருமைகள். 'டென் தவுசண்ட் ருபீஸ் இஸ் டூ மச்' என்னும்போது தொகை முழுவதும் ஒன்றாகக் கருதப்படுகிறது. 'டீம்', 'கமிட்டி' போன்றவற்றை அமெரிக்க ஆங்கிலம் பெரும்பாலும் ஒருமையாகவே கொள்ளும். பிரிட்டிஷ் ஆங்கிலம் உறுப்பினர்களை நினைத்துப் பன்மையையும் ஏற்கும். கிரிக்கெட் வருணனையில் 'இண்டியா ஹேவ் வன்' என்று கேட்பது அதனால்தான். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

அறிகுறி: சரியானதையே திருத்திவிடுகிறோம்

விதியைப் புதிதாகப் பிடித்துக்கொண்டவர்களுக்கு இது நேரும். 'யூ' ஒருவரைத்தானே குறிக்கிறது, பிறகு ஏன் 'யூ வெர்' என்று கேட்பார்கள். 'யூ' முதலில் பன்மையாக இருந்து, மரியாதை கருதி ஒருவருக்கும் வழங்கத் தொடங்கி, ஒருமைக்கு உரிய 'தௌ' பொதுவழக்கிலிருந்து நீங்கிவிட்டது. நீங்கள் வந்தீர்கள் என்று ஒருவரிடம் பன்மையில் பேசும் நமக்கு இது புதிதன்று. தமிழ் இலக்கணம் இத்தகையவற்றை வழு என்று தள்ளாமல் வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை 'தே' என்று சுட்டும்போதும் வினை 'ஆர்' என்றே வரும். ஆனால் தந்தையையோ தலைமை ஆசிரியரையோ மரியாதைக்காக 'தே' என்று எழுதுவது ஆங்கில மரபன்று. 'அவர்' என்பதற்கு அங்கே 'ஹி' அல்லது 'ஷி' மட்டுமே.

'இஃப் ஐ வெர் யூ' என்பதில் 'வாஸ்' வராததும், 'காட் ப்ளெஸ் யூ', 'லாங் லிவ் தி கிங்' ஆகியவற்றில் 'எஸ்' இல்லாததும் பிழைகள் அல்ல. முன்னது நடக்காததை நடந்ததாக வைத்துப் பேசுவது. பின்னவை வாழ்த்துகள், நம் வியங்கோளுக்கு இணையானவை. நீ வாழ்க, அவர் வாழ்க, அவை வாழ்க என்று 'வாழ்க' இடத்திற்கும் பாலுக்கும் எண்ணுக்கும் மாறாமல் நிற்பது போலவே அங்கே 'ப்ளெஸ்', 'லிவ்' ஆகியவை நிற்கின்றன. 'தி டாக்டர் சஜெஸ்டட் தட் ஹி டேக் ரெஸ்ட்' என்று முறையான எழுத்தில் 'எஸ்' இல்லாத 'டேக்' வந்தால், அதையும் திருத்தாமல் விட்டுவிட வேண்டும்.